டி.எச். ரோட்டில் வண்டிக்கு வண்டி கேப்: லைவ் ஆப்பை வைத்து எப்படி அளப்பது?

காலடிப்பேட்டை_சங்கம்:

வணக்கம். திருவொற்றியூர் அஜாக்ஸ் பஸ் ஸ்டாண்டிலிருந்து டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) வழியா பாரிமுனை பக்கம் போற வண்டிகள் என்ன இடைவெளியில வருதுன்னு கணக்கெடுத்து, குடியிருப்போர் நலச்சங்கம் சார்பில் மனு கொடுக்க இருக்கோம். காலை 7.30 முதல் 9.30 வரைக்கும்தான் பிரச்சினை. மொத்த வண்டி எண்ணிக்கை குறைவுன்னு சொல்ல முடியாது. மூணு வண்டி ஒட்டி வருது, அப்புறம் இருபது நிமிஷம் ஒண்ணும் இல்லை.

பஸ் எங்க வருதுன்னு மேப்புல புள்ளியா காட்டற லைவ் ஆப்பைப் பார்த்தே இதைப் பதிவு பண்ணலாமா? டோல்கேட்டுக்கும் தேரடிக்கும் நடுவுல புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுது. பஸ் ஸ்டாண்டுக்குள்ள நிக்கிற வண்டிக்கு ‘4 நிமிடம்’னு காட்டி அப்படியே கால் மணி நேரம் நிக்குது. சில புள்ளி பின்னாடி போய் மறுபடி முன்னாடி ஓடுது. எதை நம்பறது, எதை விடறது? எந்த ஸ்டாப்புல உட்கார்ந்து எழுதணும், என்னென்ன எழுதணும்? கடைசியா, மனுவுல என்ன கேட்டா வேலைக்கு ஆகும்?

சிக்னல்_கோபுரம்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அளப்பதைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

ஆப்பில் தெரியும் புள்ளி, அந்த வண்டி கடைசியாகத் தகவல் அனுப்பிய இடம். ஏஐஎஸ் 140 என்ற இந்தியத் தரநிலைப்படி வண்டியில் பொருத்திய கருவி ஜிபிஎஸ் இடத்தைக் குறித்து, சிம் கார்டு வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் ‘இந்த வண்டி இப்போது இந்த ரூட்டில், இந்த டிரிப்பில் இருக்கிறது’ என்று பொருத்துகிறது. பிறகு அது உங்கள் போனுக்கு வருகிறது. இந்த நான்கு கட்டத்தில் எங்கே பிசகினாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் காரணம் வேறு வேறு, அதனால் கேப் கணக்குக்கு வரும் பாதிப்பும் வேறு வேறு.

பக்கத்துத் தெருவுக்குத் தாவுவது: புது வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே மெட்ரோ மேலே போகிறது. 2021 பிப்ரவரியில் திறந்த விம்கோ நகர் நீட்டிப்பில் தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும் மட்டும்தான் தரைக்குக் கீழே உள்ள நிலையங்கள். டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி பக்கம் பஸ்ஸுக்கு மேலே காங்கிரீட் பாலம் வானத்தை மறைக்கிறது. நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோள்கள் கருவிக்குத் தெரியாது, பக்கவாட்டில் இருந்து வரும் சிக்னலும் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. பத்து இருபது மீட்டர், சில நேரம் அதற்கு மேலும் விலகும். இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டர் பிழை என்றால் 7 விநாடிதான்.

கவலைப்பட வேண்டியது பழைய தகவலைப் பற்றி. அதே வேகத்தில், 3 நிமிடத்துக்கு முந்தைய புள்ளி என்றால் வண்டி 750 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். டோல்கேட்டில் நிற்பதாக நீங்கள் நினைத்த வண்டி உங்களைத் தாண்டியே போயிருக்கலாம். உலகம் முழுக்க லைவ் பஸ் தகவலைப் பகிரப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் முறையின் வழிகாட்டுதலில், வண்டி இருக்கும் இடத்தின் தகவல் 90 விநாடிக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, 30 விநாடிக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்த 90 விநாடியை நீங்களும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று நேரம் காட்டினால் அதைப் பாருங்கள். காட்டாவிட்டால் புள்ளியை ஒன்றரை நிமிடம் விடாமல் கவனியுங்கள். ரோட்டில் மற்ற வண்டிகள் ஓடும்போது அது மட்டும் இம்மியும் நகரவில்லை என்றால் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜிபிஎஸ் புள்ளி நிற்கும் இடத்திலும் லேசாக ஆடும். துளிகூட ஆடாத புள்ளி பெரும்பாலும் பழைய புள்ளி.

பின்னால் போய் முன்னால் ஓடுவது: ஏஐஎஸ் 140 விதிப்படி நெட்வொர்க் கிடைக்காத நேரத்துத் தகவலைக் கருவி தனக்குள் சேமிக்க வேண்டும், குறைந்தது 40,000 பதிவுகளுக்கு இடம் இருக்க வேண்டும். சிக்னல் திரும்பியதும் சேமித்தது மொத்தமாகப் போகும். ‘இது பழைய பதிவு’ என்று அதில் ஒரு குறியும் உண்டு. சர்வர் அந்தக் குறியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் புதிதாகவே எடுத்துக்கொண்டால், புள்ளி பழைய இடத்துக்குப் போய் வேகமாக ஓடி வரும். அது ஓய்ந்து ஒரு நிமிடம் சீராக நகர்ந்த பிறகு நம்பலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குள் ‘4 நிமிடம்’: இது தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்லும் நிமிடம். டிரைவர் எப்போது வண்டியை எடுப்பார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டால் கருவி உறக்க நிலைக்குப் போகும், அப்போது 10 நிமிடத்துக்கு ஒரு தடவை தகவல் அனுப்பினாலும் விதிப்படி சரிதான். ஆகவே அஜாக்ஸ் வளாகத்துக்குள் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் ஆப் சொல்லும் நிமிடத்தை எழுதாதீர்கள். வெளியே வந்து ஒரு ஸ்டாப் தாண்டட்டும்.

ஆள் மாறாட்டம் இன்னொரு வகை. டிப்போவில் ஒரு வண்டி பழுதாகி ஸ்பேர் வண்டி போடும்போது, கணினியில் ரூட் எண்ணை மாற்றாமல் விட்டால், பழைய வண்டியின் புள்ளி டிப்போவில் கிடக்கும், புது வண்டி வேறு எண்ணில் ஓடும் அல்லது திரையிலேயே இருக்காது. நேரில் பார்த்துத்தான் இதைப் பிடிக்க முடியும். அதனால் ஆப்பை மட்டும் வைத்து மனு எழுதாதீர்கள். ஆப் எந்த வண்டி வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் துணை, பதிவு உங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்.

வியாசர்பாடி_ஜீவா:

கோபுரம் சொன்னதோட ரெண்டு மூணு சேர்த்துக்கோங்க.

ரூட் எண்ணுக்குப் பின்னாடி வர்ற வாலைக் கவனிங்க. முழு தூரம் போகாம பாதியில திரும்பற கட் சர்வீஸுக்கு சிடி, நீட்டிச்சு ஓட்டறதுக்கு ஈடின்னு இருக்கும். ஆப்புல இதெல்லாம் தனித்தனி ரூட்டா வரும். மெயின் நம்பரை மட்டும் தேடினா கட் வண்டி திரையில வராது, நீங்க இருபது நிமிஷம் கேப்னு எழுதின இடத்துல ஒரு கட் வண்டி போயிருக்கும். மனு கொடுத்த இடத்துல முதல் கேள்வியே அதுதான் வரும். ரூட்டைத் தேடாம ஸ்டாப்பைத் தேடுங்க, அந்த ஸ்டாப்புக்கு வர்ற எல்லா எண்ணும் ஒரே பட்டியல்ல கிடைக்கும்.

ஸ்டாப்பைத் தேடும்போது ஒரே பேர்ல ரெண்டு வரும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மேப்பைப் பெருசாக்கி எது பாரிமுனை போற பக்கம்னு பார்த்து, அதை ஃபேவரிட்ல போட்டு வச்சிடுங்க.

நிமிஷம் காட்டற இடத்துல லைவ் குறி இருக்கான்னும் பார்க்கணும். குறி இல்லாத நிமிஷம் டைம் டேபிள்ல இருந்து எடுத்ததா இருக்கும், வண்டியே கிளம்பாம இருக்கலாம்.

போன்ல பேட்டரி சேவர் ஓடினா திரை புதுப்பிக்காது. அதை அணைச்சிட்டு உட்காருங்க. போன் கடிகாரம் நெட்வொர்க் நேரத்துல இருக்கட்டும், எழுதற எல்லார் போனும் ஒரே நேரம் காட்டணும்.

மழைக் காலத்துல கணக்கெடுக்க வேண்டாம். எங்க பக்கம் கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நின்னா வண்டியெல்லாம் சுத்திப் போகும். ரூட் கோட்டை விட்டு விலகின வண்டிக்கு ஆப் சொல்ற நிமிஷம் எல்லாமே தப்பாத்தான் இருக்கும். டி.எச். ரோட்டுலயும் தண்ணி நிக்கிற நாள் கணக்கு சாதாரண நாள் கணக்கோட சேராது.

டைம்_ஷீட்:

அளக்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன். இதைச் சரியாகச் செய்தால் மனுவின் பாதி வேலை முடிந்தது.

ஒரு ஸ்டாப் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று காலடிப்பேட்டை, இன்னொன்று பாரிமுனை பக்கம் தள்ளி இருக்கும் மகாராணி. காலடிப்பேட்டை அஜாக்ஸுக்குப் பக்கம். அங்கேயே கேப் கெட்டுப்போயிருந்தால் வண்டிகள் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போதே ஒட்டிக் கிளம்புகின்றன என்று பொருள். காலடிப்பேட்டையில் ஓரளவு சீராக இருந்து மகாராணியில் கெட்டால், நடுவில் ரோடுதான் காரணம். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரே ஸ்டாப்பில் அளந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஐந்து வேலை நாள், தொடர்ந்து, அதே நேரம். பள்ளி விடுமுறை வாரம் வேண்டாம், பண்டிகைக்கு முந்தைய நாளும் வேண்டாம். ஒரு ஸ்டாப்புக்கு இரண்டு பேர், ஒருவர் பார்த்துச் சொல்ல இன்னொருவர் எழுத.

நோட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: ஸ்டாப்பைத் தாண்டிய நேரம், வால் எண்ணோடு ரூட் எண், நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு இலக்கம், சாதாரணமா எக்ஸ்பிரஸா டீலக்ஸா, கூட்டம். கூட்டத்துக்கு 1 முதல் 4 வரை ஒரு எண் போதும். 1 என்றால் சீட் இருக்கிறது, 2 நிற்க இடம் இருக்கிறது, 3 நெருக்கம், 4 ஏற முடியவில்லை அல்லது நிற்காமல் போனது. தானியங்கிக் கதவு உள்ள தாழ்தள வண்டிகளில் படிக்கட்டுத் தொங்கல் இருக்காது, ஆகவே ‘ஆட்கள் வெளியே நிற்கும்போதே கதவு மூடிவிட்டது’ என்பதை 4 என்று எழுதுங்கள். வண்டி வந்து நின்ற நேரம் வேண்டாம், புறப்பட்ட நேரத்தை எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் கணக்கு கெடும்.

நம்பர் பிளேட் ஏன் என்று கேட்பார்கள். இரண்டு ஸ்டாப்பின் நோட்டையும் பக்கத்தில் வைத்து, அதே வண்டி காலடிப்பேட்டையில் எத்தனை மணிக்கு, மகாராணியில் எத்தனை மணிக்கு என்று கோடு போட அது ஒன்றுதான் வழி. பின்னால் வந்த வண்டி முன்னால் இருந்ததை முந்தியிருந்தாலும் அதில்தான் தெரியும்.

இனி கணக்கு. ஒரு மாதிரிக்கு, ஒரு காலையில் வண்டிகள் இப்படிப் போனதாக வைத்துக்கொள்வோம்: 7.32, 7.34, 7.35, 7.58, 8.01, 8.20, 8.22, 8.40. எட்டு வண்டி, நடுவில் ஏழு கேப்: 2, 1, 23, 3, 19, 2, 18. கூட்டினால் 68 நிமிடம், சராசரி கேப் 9.7 நிமிடம். ‘பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி’ என்று காகிதத்தில் சொன்னால் அது பொய் இல்லை.

ஆனால் ஸ்டாப்பில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? 23 நிமிட கேப்பில் வந்து சேரும் ஆட்கள் அதிகம், 1 நிமிட கேப்பில் வந்து சேர்பவர்கள் மிகக் குறைவு. எந்த கேப்பில் வருபவரும் சராசரியாக அதில் பாதி நேரம் நிற்பார். அதனால் ஒவ்வொரு கேப்பையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நிமிடத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 4 + 1 + 529 + 9 + 361 + 4 + 324 = 1232. அதை 136 ஆல் வகுத்தால் 9.06. சராசரியாக ஒருவர் 9 நிமிடம் நிற்கிறார். இதே எட்டு வண்டி சம இடைவெளியில் வந்திருந்தால் 4.9 நிமிடம்தான். கூடுதலாக ஒரு வண்டிகூடப் போடாமல் காத்திருப்பு கிட்டத்தட்டப் பாதியாகும். உங்கள் மனுவில் கொட்டை எழுத்தில் வர வேண்டியது இந்த ஜோடி எண்.

இன்னும் ஒரு எண் சேர்க்கலாம்: கேப்களின் திட்ட விலக்கத்தை (சராசரியிலிருந்து கேப்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை) சராசரியால் வகுத்தது. எக்ஸெலில் STDEV.P, AVERAGE என்று இரண்டு பார்முலா. மேலே உள்ள மாதிரிக்கு 0.93 வருகிறது. பொதுப் போக்குவரத்துத் திறனை மதிப்பிடும் அமெரிக்கக் கையேட்டில் இது 0.75ஐத் தாண்டினால் பெரும்பாலான வண்டிகள் ஒட்டி ஓடுகின்றன என்று கடைசித் தரத்தில் வைக்கிறார்கள். சென்னை ரோட்டுக்கு அந்தத் தர வரிசை அப்படியே பொருந்தும் என்று வாதாட வேண்டாம், ஐந்து நாளையும் ஒப்பிட ஒரு அளவாக வைத்துக்கொண்டால் போதும்.

வண்டிகள் ஏன் ஒட்டுகின்றன என்று ஒரு பத்தி எழுதுங்கள், யாரையும் குற்றம் சொல்லாத பத்தியாக. 1964இலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் இதைக் கணிதமாகக் காட்டிவிட்டார்கள். ஒரு வண்டி சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் இரண்டு நிமிடக் கூட்டம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அதை ஏற்றிக்கொள்ள இன்னும் நேரம் பிடிக்கும், கண்டக்டர் டிக்கெட் போட இன்னும் நேரம். பின்னால் வரும் வண்டிக்கு ஆளே மிச்சம் இருக்காது, அது நிற்காமல் ஓடி வந்து முன் வண்டியின் முதுகில் ஒட்டும். டிரைவர் யாராக இருந்தாலும் இது நடக்கும். தானாகச் சரியாகாது, போகப் போக மோசமாகத்தான் ஆகும். யாராவது நடுவில் நிறுத்திச் சரி செய்ய வேண்டும். உங்கள் நோட்டில் கூட்டத்துக்கு 4, 1, 1 என்று வரிசையாக வரும் இடங்களைத் தேடுங்கள். அந்த மூன்று வரியையும் அப்படியே மனுவில் எடுத்துப் போடுங்கள்.

காலடிப்பேட்டை_சங்கம்:

ரொம்ப நன்றி டைம்_ஷீட். ரெண்டு ஸ்டாப் யோசனை எங்களுக்குத் தோணவே இல்லை, மகாராணி பக்கம் ஆள் ஏற்பாடு பண்ணிடறோம்.

ஒரு சந்தேகம். இங்க நிக்கிற கூட்டத்துல பாதிக்கு மேல பெண்கள். சாதாரணக் கட்டண வண்டிக்காக நிக்கிறாங்க, டீலக்ஸ் வந்தா விட்டுடறாங்க. இவங்களுக்குத் தனிக் கணக்கு போடணுமா?

டைம்_ஷீட்:

கட்டாயம் போட வேண்டும், நல்ல கேள்வி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட்டவர்களுக்கு டீலக்ஸ் வருவதும் வராததும் ஒன்றுதான். எல்லா வண்டியையும் சேர்த்து ஒரு கணக்கு, சாதாரண வண்டிகளை மட்டும் எடுத்து இன்னொரு கணக்கு.

மேலே சொன்ன மாதிரியிலேயே 7.34, 8.01, 8.22 மூன்றும் டீலக்ஸ் என்று வையுங்கள். மிச்சம் 7.32, 7.35, 7.58, 8.20, 8.40. கேப் 3, 23, 22, 20. சதுரங்களின் கூட்டல் 9 + 529 + 484 + 400 = 1422, அதை 136 ஆல் வகுத்தால் 10.5 நிமிடம். இந்த எண்ணைத் தனி வரியாகக் கொடுங்கள். வண்டி எந்த வகை என்பதை ஆப்பில் பார்த்து எழுத வேண்டாம், முகப்பு பிங்க் நிறமா, போர்டு என்ன என்று கண்ணால் பார்த்தே எழுதுங்கள். ஸ்பேர் வண்டி போடும் நாளில் வகையும் மாறிவிடும்.

தண்டையார்பேட்டை_சிங்கிள்:

மனுல என்ன கேக்கணும்னு நான் சொல்றேன். ‘வண்டி அதிகம் வேணும்’னு மட்டும் எழுதினீங்கன்னா ஃபைல்ல போய் உட்கார்ந்துடும். வண்டி, டிரைவர், கண்டக்டர் மூணும் வேணும் அதுக்கு. இருக்கிற வண்டிய சீரா விடச் சொல்லுங்க, அது அந்த கிளை மேலாளரும், ஸ்டாண்டுல நேரம் பார்த்து வண்டிய அனுப்பற டைம் கீப்பரும் சேர்ந்தாலே பண்ணக்கூடிய வேலை.

முதல்ல கிளம்பற இடம். பாரிமுனை போய்த் திரும்பி வர்ற வண்டி மூணும் லேட்டா ஒண்ணாவே வந்து சேருதுன்னா, டைம் டேபிள்ல குடுத்திருக்கிற ஓய்வு நேரம் ஏற்கெனவே தீர்ந்து போயிருக்கும். டிரைவரும் கண்டக்டரும் தண்ணி குடிச்சிட்டு உடனே எடுப்பாங்க, அப்பதான் அவங்க சிங்கிள் (ஒரு வழி டிரிப்) முடியும். மூணும் ஒண்ணாவே கிளம்பிடும். இந்த இடத்துல டைம் கீப்பர் கையில லைவ் ஸ்க்ரீன் இருந்து, ‘முன்னாடி போனவன் டோல்கேட் தாண்டட்டும், நீ அப்புறம் எடு’ன்னு சொன்னாலே போதும். டைம் டேபிள் நேரத்தப் பார்க்காம கேப்பப் பார்த்து விடணும். லேட்டான வண்டிக்கு டைம் டேபிள் நேரம் எப்பவோ தாண்டியிருக்கும், அதைப் பார்த்தா ‘உடனே எடு’ன்னுதான் வரும்.

ரெண்டாவது, நடுவுல நிறுத்திப் பிடிக்கிறது. இதுல தப்பா ஒண்ணு கேட்டுடாதீங்க. முன்னாடி போற வண்டி நெருக்கி வழியுது, அத நிறுத்தினா உள்ள இருக்கிறவங்க கத்துவாங்க, நியாயமும் கூட. ஒட்டிக்கிட்டு பின்னாடி வர்ற காலி வண்டியத்தான் நிறுத்தணும். கணக்கு இப்படி: அந்த வண்டிக்கு முன்னாடி கேப் 3 நிமிஷம், பின்னாடி கேப் 15 நிமிஷம். முழுசா சமமாக்கணும்னா 6 நிமிஷம் நிறுத்தணும், அது முடியாது. 3 நிமிஷம் நிறுத்தினா 6, 12 ஆகும். டைம்_ஷீட் சொன்ன ஃபார்முலால போட்டுப் பாருங்க, காத்திருக்கிற நேரம் 6.5 நிமிஷத்துல இருந்து 5க்கு இறங்குது. மூணு நிமிஷத்துக்கு மேல கேக்காதீங்க.

எங்க நிறுத்தறதுன்னும் எழுதணும். டி.எச். ரோட்டுல கண்ட ஸ்டாப்புல நிறுத்தினா பின்னாடி மொத்த ரோடும் நிக்கும். துறைமுகம் போற டிரெய்லர் எண்ணூர் விரைவுச் சாலையில தேங்கற நாள்ல சின்ன வண்டியெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிடும், அன்னிக்கு இஞ்ச் இடம் இருக்காது. ஒதுங்கி நிக்க இடம் இருக்கிற ஸ்டாப் ஒண்ணு, இல்ல டிப்போ முன்னாடி, அங்க ஒரு ஆள்.

மூணாவது கட் பண்றது. மூணு வண்டி ஒட்டி வந்தா கடைசி வண்டிய பாரிமுனை வரைக்கும் அனுப்பாம பாதியில திருப்பி, எதிர்ப் பக்க கேப்ப அடைக்கலாம். அதுல ஏறியிருக்கிறவங்கள முன் வண்டியில ஏத்தி விடணும், அதே டிக்கெட்டுல. கண்டக்டர் ரெண்டு பேரும் பேசிக்கிட்டா நடக்கும். ஆனா டிரிப் குறைஞ்சா கலெக்‌ஷன் குறையும், அத யாரு கணக்குல வைக்கிறதுன்னு மேல இருந்து தெளிவா எழுத்துல வரணும். இல்லன்னா எந்தக் கண்டக்டரும் ஒத்துக்க மாட்டாரு, அவரக் குத்தம் சொல்லவும் முடியாது. அதனால மனுல இத கடைசியா போடுங்க, முதல் ரெண்டையும் வலுவா கேளுங்க.

காலடிப்பேட்டை_சங்கம்:

அண்ணா, பின் வண்டியை நிறுத்தணும்ங்கிறது இப்பத்தான் புரியுது. நாங்க எழுதி வச்ச வரைவுல முன் வண்டியைச் சீக்கிரம் அனுப்பணும்னு இருந்தது, மாத்திடறோம்.

மணிக்கூண்டு_மனு:

மனுவுக்கு முன்னால் ஒரு ஆர்டிஐ போடுங்கள். உங்கள் ஐந்து நாள் கணக்கு முடிந்ததும், அதே ஐந்து தேதிகளுக்கு. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 6(1), பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகர் போக்குவரத்துக் கழகத் தலைமையகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டில். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும்.

‘ஏன் வண்டிகள் ஒட்டி வருகின்றன’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. காரணமோ கருத்தோ கேட்க முடியாது, இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இப்படி எழுதுங்கள்: ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, காலை 7.00 முதல் 10.00 மணி வரை, திருவொற்றியூர் பேருந்து நிலையத்திலிருந்து இன்ன வழித்தட எண்களில் புறப்பட்ட பேருந்துகளின் புறப்பாட்டு நேரப் பதிவேட்டின் நகல். அதே நாட்களில் அதே வழித்தடங்களுக்குத் திட்டமிட்ட நடைகளின் எண்ணிக்கை, இயக்கப்பட்ட நடைகளின் எண்ணிக்கை.’ கட், நீட்டிப்பு எண்களையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள், ‘முதலியன’ என்று விடாதீர்கள்.

பதிவேடு கைக்கு வந்ததும் உங்கள் காலடிப்பேட்டை நோட்டோடு நம்பர் பிளேட் வாரியாகப் பொருத்துங்கள். அவர்களுடைய பதிவேட்டிலேயே 7.20, 7.21, 7.22 என்று மூன்று வண்டி வரிசையாகக் கிளம்பியிருந்தால், அதற்கு மேல் வாதமே தேவையில்லை.

ராயபுரம்_கோடர்:

ஆப்பில் வரும் தகவலை ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தானாகவே இழுத்து, நாள் முழுக்கச் சேமிக்க முடியாதா? ஆள் உட்கார வேண்டாமே.

சிக்னல்_கோபுரம்:

அனுமதி பெற்ற திறந்த தரவாகக் கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம், அதற்காகத்தான் ஜிடிஎஃப்எஸ் போன்ற பொது வடிவங்கள் இருக்கின்றன. ஆப்பின் உள்வழியைப் பிரித்து இழுப்பது வேறு விஷயம். பயன்பாட்டு விதிமுறைக்கு எதிராகப் போகலாம், நீங்கள் மனு கொடுக்கும் இடத்தில் அதையே பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிடுவார்கள். மேலே சொன்ன பழைய புள்ளி, ஆள் மாறாட்டம், சேமித்து அனுப்பிய பதிவு எல்லாம் அந்தக் கோப்பிலும் அப்படியே ஏறும். அவற்றைக் களைய எப்படியும் நேரில் எழுதிய நோட்டு வேண்டும்.

அதற்குப் பதில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பவரில் ஒருவர், வண்டிகள் ஒட்டி வருவது திரையில் தெரியும்போது, போன் கடிகாரம் மேலே தெரியும்படி இரண்டு நிமிடத்துக்கு ஒன்று எடுக்கட்டும். மேப்பின் அளவை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி வையுங்கள், தேரடி முதல் டோல்கேட் வரை முழுதாகத் தெரிய வேண்டும். மூன்று வண்டியும் உங்களைத் தாண்டும்போது நோட்டில் எழுதிய நேரத்தையும் பிளேட் எண்ணையும் அந்தப் படங்களின் அடியில் எழுதிவிடுங்கள். ஒரு நாளைக்கு இப்படி ஒரு தொகுப்பு போதும். படத்தில் மற்றவர்கள் முகமோ உங்கள் நோட்டிபிகேஷனோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலடிப்பேட்டை_சங்கம்:

சரிங்க. திங்கள்கிழமை தொடங்கறோம், ரெண்டு ஸ்டாப்புலயும். கணக்கு முடிஞ்சதும் எக்ஸெல் ஃபைலை இங்கயே போடறேன், டைம்_ஷீட் ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்க.

டைம்_ஷீட்:

போடுங்கள், பார்க்கிறேன். திங்கள் ஒரு நாள் முடிந்ததும் அன்றைக்கே அனுப்பினால் நல்லது. வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் கலந்திருந்தால் மிச்ச நாலு நாள் கணக்காவது தப்பிக்கும்.